சுதந்திரம் பேசும் குழுவுக்கு யார் பணம் தருவது?

கேள்வி: நாங்கள் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். தனிமனித சுதந்திரம், சொத்துரிமை, தடையில்லாத தொழில், அரசின் தலையீட்டைக் குறைப்பது என்கிற லிபர்டேரியன் கருத்துகளில் பிடிப்புள்ள பதினாலு பேர். மூன்று வருடமாக மாதம் ஒருமுறை ஒரு மாடி அறையில் கூடிப் பேசுகிறோம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லாரும் வேலை நேரம் போக வந்து செய்கிறவர்கள்தான். வாடகை, டீ, நோட்டீஸ் எல்லாம் மூன்று பேர் கைக்காசு. முதல் வருடம் நாற்பது பேர் வரை வந்தார்கள். இப்போது பத்துப் பேர் வந்தாலே பெரிசு. ஒரு ரிசார்ட் உரிமையாளர், "இ-பாஸை எதிர்த்துப் பெரிய கூட்டம் போடுங்கள், இரண்டு லட்சம் தருகிறேன்" என்கிறார். அமெரிக்காவில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். கட்சியாகப் பதிவு செய்துவிட்டால் ஆள் சேருமா? நிதி திரட்டவும் நிகழ்ச்சி நடத்தவும் வழி சொல்லுங்கள்.
– கோத்தகிரி வாசகர்

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் ரிசார்ட்காரர் இருக்கிறார், அமெரிக்காவில் இருப்பவர் இருக்கிறார், கைக்காசு போடும் மூன்று பேர் இருக்கிறார்கள். மீதிப் பதினொரு பேர் என்ன தருகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தன்னார்வ அமைப்புகளுக்குக் கணக்கும் நிர்வாகமும் சொல்லித் தருவது என் தொழில். உங்கள் கொள்கையில் எனக்கு உடன்பாடானதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஆனால் ஒரு மலை ஊரில், தோட்ட வேலையை முடித்துவிட்டு வந்து பதினாலு பேர் அரசாங்கத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் அந்த அறை மூடப்படக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தா. மாதம் 100 ரூபாய் என்று வையுங்கள். பதினாலு பேருக்கு 1,400 ஆகிறது. மாடி அறை வாடகையும் டீச் செலவும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். 100 கஷ்டம் என்பவருக்கு 50, அதுவும் கஷ்டம் என்றால் 20. ஆனால் ஒன்றுமே தராமல் யாரும் உறுப்பினராக இருக்க வேண்டாம். தொகை பெரிய விஷயமில்லை. பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்பார். அடுத்த மாதம் யார் பேசுகிறார், ஏன் எப்போதும் அதே ஆள் பேசுகிறார் என்று கேட்பார். இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்தால்தான் குழு மூன்று பேரிடமிருந்து பதினாலு பேர் கைக்கு வரும். நாற்பது பேர் பத்தாகக் குறைந்ததற்கு நிகழ்ச்சிகள்தான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேறு சந்தேகம். வந்தவர்களுக்கு அங்கே கேட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது.

சந்தா கேட்கும் நாளும் பார்த்து வைக்க வேண்டும். உங்களில் பாதிப் பேராவது சிறு தேயிலை விவசாயிகளாக இருப்பீர்கள். ஃபேக்டரியில் இலைக்காசு பட்டுவாடா ஆகும் வாரத்தில் கேட்டால் சிரித்த முகத்தோடு வரும். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். வருடச் சந்தாவாக ஒரே தடவை 1,000 தருகிறவர்களுக்கு அந்த வழியும் இருக்கட்டும்.

பொருளாளராக யாரைப் போடுவது என்பதில் என் யோசனையைக் கேளுங்கள். பதினாலு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஹட்டியில் (கிராமத்தில்) மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கை எழுதிப் பழகிய ஒரு பெண் கட்டாயம் இருப்பார். பேங்க், பாஸ்புக், தீர்மானப் புத்தகம், கையெழுத்து எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைக் கூப்பிட்டு, கூட்ட நேரத்தை அவருக்குத் தோதாக மாற்றி, பொறுப்பைக் கொடுங்கள். ஒரு நல்ல பேச்சாளரைக் கொண்டுவருவதைவிட இது பெரிய காரியம். அவரை நம்பி இன்னும் நாலு பெண்கள் வருவார்கள். இலை பறிப்பதிலிருந்து மூட்டை எடை போடுகிற இடத்தில் நிற்பது வரை வேலையில் பாதிக்கு மேல் அவர்கள் தலையில்தான். விலையைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசும் அறையில் அவர்கள் இல்லையென்றால் அது முழுக் கூட்டம் ஆகாது.

வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இருபது ரூபாய்க்கும் ரசீது. ஒவ்வொரு கூட்டமும் முடிவதற்கு முன் பொருளாளர் எழுந்து இப்படிப் படிக்கட்டும்: "போன மாதக் கையிருப்பு 640. இந்த மாதம் சந்தா 1,250. வாடகை 800, டீயும் வர்க்கியும் 310, நோட்டீஸ் நகல் எடுத்தது 120. இப்போது கையில் 660." அவ்வளவுதான், ஒரு நிமிடம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பேரையும் தொகையையும் உரக்கச் சொல்லி நோட்டில் ஏற்றுவது போல, எல்லார் காதிலும் விழும்படி நடக்க வேண்டும். அரசாங்கம் வரிப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பேசுகிற குழுவின் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது. க்யூஆர் கோடு ஒட்டுவதாக இருந்தால் குழுவின் பேங்க் கணக்குக்கு ஒட்டுங்கள். ஒருவருடைய சொந்த ஜிபே நம்பரில் குழுப் பணம் வாங்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நல்ல மனிதர்கள் வீணாகப் பேர் கெடுவது அங்கேதான்.

அடுத்து ரிசார்ட்காரரின் இரண்டு லட்சம். இப்போது வாங்காதீர்கள்.

இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் மலைக்கு வர முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி, உங்கள் குழு கட்டாயம் பேச வேண்டிய விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ஆம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரலில், நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. நாட்டுக்குள் எங்கும் போய்வர இருக்கும் உரிமை ஒரு பக்கம். மே மாதத்தில் குன்னூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றுபோகிறதே, குடிதண்ணீர் லாரிக்கு உள்ளூர்க்காரர் காத்துக் கிடக்கிறாரே, அந்த நஷ்டத்தை யார் தருவது என்பது இன்னொரு பக்கம். உங்கள் கொள்கைக்குள்ளேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அடுத்தவன் உரிமை தொடங்கும் இடத்தில் என் உரிமை நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்கள்தானே நீங்கள். வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதா, சாலைக்குக் கட்டணம் வைப்பதா, பார்க்கிங்கைத் தனியாரிடம் விடுவதா என்று விவாதிக்க எவ்வளவோ இருக்கிறது. அதை முதலில் உங்கள் பதினாலு பேரும் விவாதித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். ரிசார்ட்காரரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். உள்ளூர் டாக்ஸி ஓட்டுநரையும் அதே மேடையில் உட்கார வையுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அது உங்கள் முடிவாக ஊருக்குத் தெரிந்த பிறகு, அவர் நன்கொடை தர விரும்பினால் தரட்டும்.

அப்போதும் ஓர் உச்ச வரம்பு வேண்டும். ஒரே ஆளிடமிருந்து வருவது உங்கள் வருட வரவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று விதியில் எழுதி வையுங்கள். 30,000 ரூபாய் வரவுள்ள குழு ஒருவரிடம் 3,000 வாங்கலாம். இரண்டு லட்சத்தை ஒருவரிடம் வாங்கினால் அடுத்த கூட்டத்தின் தலைப்பை அவர்தான் சொல்வார். சொல்லாவிட்டாலும், அவர் என்ன நினைப்பாரோ என்று நீங்களே யோசித்துக்கொண்டு தலைப்பு வைப்பீர்கள். யாருக்கும் கட்டுப்படாமல் பேச வேண்டும் என்பதற்காகத்தானே அந்த மாடி அறை.

இனி நிகழ்ச்சிகள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தொழிலதிபர் ஏ.டி. ஷ்ராஃப் 1956இல் மும்பையில் தொடங்கிய சுதந்திரத் தொழில் மன்றத்தின் பேரில் நானி பல்கிவாலா வருடா வருடம் மத்திய பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவார். 1958இல் கிரீன் ஹோட்டல் என்ற சின்ன ஹோட்டலின் ஹாலில் ஆரம்பித்தது. பின்னாளில் கூட்டம் தாங்காமல் பிரபோர்ன் கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கே மாற்ற வேண்டி வந்தது. அவர் பெரிய வழக்கறிஞர், நம்மிடம் அப்படி ஆள் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வருடத்துக்கு ஒருமுறை, எல்லாருக்கும் தெரிந்த ஒரு சமயத்தில், எல்லார் பையையும் தொடும் ஒரு விஷயத்தைப் புரியும்படி சொல்கிறார்கள் என்ற நம்பிக்கை ஜனங்களிடம் வளர்ந்தது. நீங்களும் பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வந்த பிறகு ஒரு ஞாயிறு, "இந்த பட்ஜெட்டில் மலைக்கு என்ன?" என்று ஒரு கூட்டம் வையுங்கள். ஆர்த்தோடாக்ஸ், சிடிசி என்ற தேயிலைத் தூள் வகைகள்கூடத் தெரியாத டெல்லிக்காரர்கள் தேயிலைக்கு என்ன ஒதுக்கினார்கள், உரத்துக்கு என்ன வரி, வாடகைக் கார் வாங்குகிறவருக்கு என்ன வரி என்று கோத்தகிரிக்காரர் ஒருவர் எளிமையாகச் சொல்லட்டும். அடுத்த வருடமும் அதே வாரம், அதே இடம். மூன்றாம் வருடம் நோட்டீஸ் இல்லாமலே ஆள் வரும்.

மற்ற மாதக் கூட்டங்களுக்கு இப்போது நீங்கள் என்ன தலைப்பு வைக்கிறீர்களோ தெரியாது. "சுதந்திரச் சந்தை – ஓர் அறிமுகம்" மாதிரியான தலைப்பாக இருந்தால் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மாவட்டத்தில் சொத்துரிமை என்பது புத்தக விஷயம் இல்லை. கூடலூரில், ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969ஆம் வருட ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டு உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலங்களில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் பட்டாவுக்கும் வீட்டு மின் இணைப்புக்கும் எத்தனை வருடமாக அலைகின்றன. சொத்துரிமை 1978இல் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு 300ஏ பிரிவுக்குப் போன கதையை, கூடலூரிலிருந்து ஒருவர் தன் மனுக்களின் கட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து சொன்னால் யாரும் நடுவில் எழுந்து போக மாட்டார்கள். சொந்த நிலத்தில் தானே நட்ட மரத்தை வெட்ட எந்த ஆபீஸில் என்ன அனுமதி வாங்க வேண்டும், 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் ஏன் வந்தது, மண்சரிவு ஆபத்துள்ள சரிவில் அந்தக் கட்டுப்பாடு நியாயமா என்று இரண்டு பக்கமும் பேசலாம். 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களின் நில உரிமையை ஏற்கிற சட்டம். அதையும் உங்கள் மேடை பேச வேண்டும், பேசுகிறவர் அந்த மக்களிலிருந்தே வர வேண்டும்.

பேச்சோடு நிற்காமல் செய்வதற்கும் ஒரு வேலை வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாலையோர வியாபாரிகளை எடுத்துக்கொள்வேன். 2014ஆம் வருடச் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேரட்டும் பேரிக்காயும் கூடையில் வைத்து விற்கிற அம்மாவுக்கு இது தெரியாது. உங்களில் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, ஆதார் நகலும் போட்டோவும் சேர்த்து வைத்து, உள்ளாட்சி அலுவலகம் வரை கூடவே போய் ரசீது வாங்கித் தாருங்கள். தொழில் செய்யும் சுதந்திரம் என்று மேடையில் மணிக்கணக்கில் பேசினாலும் வராத புரிதல் அந்த ஒரு ரசீதில் வரும். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வருவாரோ இல்லையோ, அவர் மகன் வருவான்.

ஒன்று மட்டும் நேராகச் சொல்கிறேன். பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதார விலை வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சனங்களே போராடியிருக்கிறார்கள். உங்கள் கொள்கைப்படி அரசு விலை நிர்ணயிக்கக் கூடாது. இதனால்தான் ஊரில் பலர் உங்களிடமிருந்து ஒதுங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். இதைத் தொடாமல் நழுவிப் போகாதீர்கள். ஆதார விலை கேட்கும் விவசாயியை முதலில் பேச வையுங்கள், முழுதாக, குறுக்கிடாமல். கிலோவுக்கு என்ன கூலி, உரம் எவ்வளவு, கையில் என்ன நிற்கிறது என்று அவர் சொல்லட்டும். அப்புறம் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்: விவசாயி தன் இலையை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடிகிறதா, கூட்டுறவு ஃபேக்டரியும் தனியார் ஃபேக்டரியும் எப்படி விலை போடுகின்றன, ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்று அவருக்கு எப்போது தெரிகிறது, சிறிய அளவில் தானே தூள் தயாரித்து விற்க எத்தனை அனுமதி வேண்டியிருக்கிறது. முடிவில் அவர் மனம் மாறாமல் போகலாம். போகட்டும். இந்த அறையில் நம் பேச்சையும் கேட்கிறார்கள் என்று அவர் ஊரில் போய்ச் சொல்வார்.

நடைமுறை விஷயங்கள் சில. மாலைக் கூட்டத்தை விட்டுவிடுங்கள். இருட்டினால் பனிமூட்டம், ரோட்டில் காட்டெருமை, கடைசி பஸ் கவலை. காலை பதினொன்றுக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடித்தால் பெண்களும் வயதானவர்களும் வருவார்கள். ஏப்ரல், மே சீசனில் டாக்ஸி, கடை, லாட்ஜ் வேலையில் இருப்பவர்கள் யாரும் வர மாட்டார்கள். ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் கூட்டம் வைப்பது உங்களுக்கே தோன்றாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பக்கம் மண்சரிவு பயம் உண்டு, அப்போது பெரிய கூட்டம் வேண்டாம், வீட்டுக் கூட்டம் போதும். கோவையிலிருந்து பேச்சாளர் சொந்தக் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸை நீங்களே எடுத்து அனுப்புங்கள், அல்லது மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, அதனால் எவர்சில்வர் டம்ளர்களை யார் வீட்டிலிருந்தாவது கொண்டுவந்துவிடுங்கள். மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டமாக இருந்தாலும் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டத்தில் பணம் கேட்கத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள், ஆனால் பேச்சாளர் கேட்கக் கூடாது, தலைவரும் கேட்கக் கூடாது. சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு சாதாரண உறுப்பினர் எழுந்து, "அடுத்த மாதம் கூடலூர்க்காரர் நாலு பேரைக் கூட்டிவர ஜீப் வாடகை 2,500 ஆகும். நான் 100 போடுகிறேன். முடிந்தவர்கள் போடுங்கள்" என்று சொன்னால் போதும். எதற்கு, எவ்வளவு என்று இரண்டும் தெரிந்தால் ஜனங்கள் கொடுப்பார்கள். அடுத்த கூட்டத்தில் ஜீப்புக்கு ஆன தொகையைப் படியுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புதிதாக வந்தவர்களின் பெயரும் நம்பரும் வாங்கி, மூன்று நாளுக்குள் ஒருவர் போனில் பேச வேண்டும். சந்தா கேட்பதற்காக அல்ல, ஒரு சின்ன வேலை கொடுப்பதற்காக. நோட்டீஸை உங்கள் ஊர் டீக்கடையில் ஒட்ட முடியுமா, அடுத்த மாதம் டீ பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேலை கொடுத்தால் அவர் திரும்பி வருவார். அப்படி வேலைகளைப் பிரித்துக் கொடுத்தால்தான் அந்த மூன்று பேரும் கொஞ்சம் மூச்சுவிட முடியும்.

குலுக்கல் சீட்டு அச்சடித்து நிதி திரட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பக்கமே போகாதீர்கள். சீட்டுப் பிடிப்பதும் வேண்டாம்.

கட்சிப் பதிவு பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது 100 வாக்காளர்கள் உறுப்பினராக வேண்டும், 10,000 ரூபாய் கட்டணம் உண்டு, ஒவ்வொரு வருடமும் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான். உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989இல் வந்த 29ஏ பிரிவின்படி, சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு உண்மையாக இருப்போம் என்று கட்சி விதியிலேயே எழுத வேண்டும். இதை எதிர்த்து சுதந்திரா கட்சியின் பழைய ஆட்கள் மும்பை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் மனதார நம்பாத ஒன்றில் கையெழுத்துப் போட்டுத்தான் உங்கள் அரசியலைத் தொடங்க வேண்டுமா என்று பதினாலு பேரும் யோசியுங்கள்.

சுதந்திரா கட்சி என்றதும் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவு வரும். ராஜாஜி 1959இல் தொடங்கிய கட்சி. லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் என்று அவர் சொன்ன சொல்தான் இன்றும் புழங்குகிறது. 1967 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் ஜெயித்தது அந்தக் கட்சியின் வேட்பாளர் நஞ்ச கவுடர்தான். உங்கள் கருத்துக்கு இந்த மலையில் வேர் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். நாடு முழுக்க 44 இடம் வாங்கிய கட்சி 1971இல் எட்டாகக் குறைந்து, 1974இல் வேறு கட்சியோடு கலந்தே போனது. திமுக கூட்டணியும் ராஜாஜியின் செல்வாக்கும் கொடுத்த வெற்றியை, ஊர் ஊராகக் கிளை வைத்துத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்பது என் கணிப்பு. அந்தக் காலத்துத் தொண்டர்கள் யாராவது உங்கள் பக்கம் உயிரோடு இருந்தால் ஒரு ஞாயிறு அவரைக் கூட்டிவந்து பேச வையுங்கள், பதிவும் செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் லிபர்டேரியன் கட்சி 1971இல் கொலராடோவில் ஒரு வீட்டில் கூடிய சிலரால் தொடங்கியது. மறு வருட ஜனாதிபதி தேர்தலில் நாலாயிரம் வாக்குகூட வாங்கவில்லை. பெரிய வெற்றி எதுவும் இல்லாமல் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. வருடச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் அதற்கு இருக்கிறார்கள்.

உங்களுக்கு இப்போது தேவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஒரு சங்கப் பதிவு. ஏழு பேர் இருந்தால் போதும். நோக்கத்தை, பொதுமக்களுக்குச் சட்டம், பொருளாதாரம், குடிமை உரிமை பற்றிய பயனுள்ள அறிவைப் பரப்புதல் என்று எழுதுங்கள். பேங்க் கணக்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பதிவு செய்த பிறகு சங்கத்தின் பேரில் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்காதீர்கள். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 100 ரூபாய் தருகிறவர் அதைக் கேட்கப் போவதில்லை. தேர்தல் அறிவித்த பிறகு 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துக்கொண்டு குஞ்சப்பனை, பர்லியார் செக்போஸ்டைத் தாண்டாதீர்கள். ஆவணம் இல்லையென்றால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும்.

அமெரிக்காவில் இருப்பவரின் பணத்துக்கு ஒரே கேள்விதான்: அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பாத்தியத்தை பேங்க் மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்கத் தனி அனுமதி வேண்டும். அரசியல் தன்மையுள்ள அமைப்புகளுக்கு அது கிடைக்காது, தடையே உண்டு. அவர் அண்ணன் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்தில் வீடியோவில் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். வேறொரு நாட்டில் ஒரு சின்னத் தொழில் தொடங்க எத்தனை ஆபீஸ் ஏற வேண்டியிருந்தது என்று அவர் சொன்னால் உங்களுக்கு அதுவே பெரிய நன்கொடை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று வருடமாக மூன்று பேர் போட்ட பணம் இருக்கிறதே, அதை இப்போதே எழுத்தில் தீர்த்துவிடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தோராயமாகவாவது ஒரு தாளில் எழுதி, அது கடனா நன்கொடையா என்று அவர்களிடமே கேளுங்கள். கடன் என்றால் மாதம் இவ்வளவு என்று திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். நன்கொடை என்றால் ரசீது எழுதி, கூட்டத்தில் பேரைச் சொல்லி, கையில் கொடுங்கள். ஒரு வருடம் கழித்து மனஸ்தாபம் வந்த பிறகு கேட்டால் மூன்று பேரும் மூன்று தொகை சொல்வார்கள்.